குண்டு எங்கே போகிறது? பிஸ்டல் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

சிங்கப்பூரில் பிஸ்டல் சுடுகிறவருக்கு, பிஸ்டல் கையில் இருக்கும் நேரம் குறைவு. காசு கொடுத்து வாங்கியது நாமாக இருந்தாலும் அது துப்பாக்கி சுடும் மன்றத்தின் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கும். என்எஸ் எனும் கட்டாய ராணுவச் சேவைக்குப் போனவர்கள் ஆர்ம்ஸ்கோட் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும், சுட்ட பிறகு துடைத்து, மறுபடி கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டு ஆராயும் வேலையெல்லாம் இங்கே நடக்காது. கோளாறு வந்தால் கிடைக்கிற ஓரிரு மணி நேரத்துக்குள் அதைப் பிடித்தாக வேண்டும். அதனால் நான் எப்போதும் அறிகுறியிலிருந்துதான் தொடங்குவேன். ஸ்க்ரூடிரைவர் கடைசியாகத்தான் வெளியே வரும்.

இங்கே எழுதுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கும் 25 மீட்டரில் சுடும் பாயிண்ட் 22 பிஸ்டலுக்கும் பொருந்தும். ஈசூன் சஃப்ரா மன்றத்தில் ஏர் பிஸ்டல் பழகுகிறவரானாலும் சரி, ஓல்ட் சுவா சூ காங் ரோட்டில் உள்ள தேசியத் துப்பாக்கி சுடும் மையத்துப் பக்கம் போகிறவரானாலும் சரி, சந்திக்கும் தொல்லைகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

எதையும் தொடுவதற்கு முன்

பிஸ்டல் காலியா என்று பாருங்கள். மேகசினைக் கழற்றுங்கள், அறையைத் திறந்து கண்ணால் பாருங்கள், குழாய்க்குள் பாதுகாப்புக் கொடியைச் செருகுங்கள். குழாய் முனை எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கட்டும். ஏர் பிஸ்டல்தானே என்று யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம். சிங்கப்பூர்ச் சட்டத்தின் கண்ணில் அதுவும் துப்பாக்கிதான், அதற்கும் உரிமம் வேண்டும்.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, நோட்டைக் கொண்டுபோகலாம். எந்த ஸ்க்ரூவை எத்தனை கிளிக் திருப்பினோம், காற்றுச் சிலிண்டரின் அழுத்தம் எவ்வளவு, எந்த டின் பெல்லட் (ஏர் பிஸ்டலின் ஈயக் குண்டு), குண்டுகள் எந்தப் பக்கம் விழுந்தன, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். கிரிப்பையும் (கைப்பிடி) டிரிகரையும் ஒரே நாளில் மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, எல்லை. கிரிப், பின்குறி (கண்ணுக்கு அருகே பள்ளத்தோடு இருக்கும் குறிபார்க்கும் பாகம்; குழாய் முனைப் பக்கம் இருப்பது முன்குறி), கையேட்டில் காட்டியிருக்கும் டிரிகர் ஸ்க்ரூக்கள், வெளியே தெரியும் ஓ-ரிங் (காற்றடைக்கும் ரப்பர் வளையம்) இவை நம் வேலை. உடலைத் திறந்து உள்ளே கை வைக்கும் வேலை உரிமம் பெற்றவருடையது. தயங்காமல் ஆர்மரரிடம், அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவரிடம், கொடுத்துவிடுங்கள்.

குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன, ஆனால் நடுவில் இல்லை

எல்லாக் கோளாறுகளிலும் இதுதான் நல்ல கோளாறு. கை சரியாக இருக்கிறது, பின்குறிதான் நகர்ந்திருக்கிறது. பத்துக் குண்டு சுட்டு, கூட்டத்தின் நடுப்புள்ளியைப் பார்த்து, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்துங்கள். இடப்பக்கம் விழுந்தால் பின்குறி வலப்பக்கம் போக வேண்டும்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், ஸ்க்ரூவின் மேல் பொறித்திருக்கும் எழுத்துகளில். சில பிஸ்டல்களில் அந்த அம்புக்குறி 'குண்டு மேலே போனால் இப்படித் திருப்பு' என்று சொல்லும். வேறு சிலவற்றில் 'குண்டை மேலே கொண்டுபோக இப்படித் திருப்பு' என்று சொல்லும். மன்றத்துப் பிஸ்டலில் பழகிவிட்டுச் சொந்தப் பிஸ்டலுக்கு மாறுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். ஒரேயடியாக நிறைய கிளிக் திருப்பி ஒரு கூட்டம் சுட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரிந்ததும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

25 மீட்டர் ரேஞ்சில் வெளிச்சமும் ஒரு காரணம். இங்கே மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் கொளுத்தும், கால் மணி நேரத்தில் கருமேகம் மூடி மழை இறங்கும். வெளிச்சம் மாறினால் கறுப்பு வட்டமும் முன்குறியும் கண்ணுக்குத் தெரியும் விதம் மாறும், கூட்டம் கொஞ்சம் மேலோ கீழோ போகும். மழை மேகத்துக்காக பின்குறியைத் திருப்பினால் வெயில் வந்ததும் மறுபடி திருப்ப வேண்டியிருக்கும். எத்தனை கிளிக் போனீர்கள் என்று எழுதி வைத்திருந்தால் திரும்பி வருவது சுலபம்.

குண்டுகள் இடப்பக்கம் கீழே போகின்றன

வலக்கையால் சுடுகிறவர்களுக்கு அதிகமாக வரும் வியாதி இதுதான். ஏழரை மணி திசையில், சில எட்டு வளையத்தில், சில ஆறில், சிதறலாக விழும். இடக்கைக்காரர்களுக்கு வலப்பக்கம் கீழே போகும்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 மீட்டர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 11.5 மிமீ. பெல்லட்டின் விட்டம் 4.5 மிமீ. வளையக் கோட்டை விளிம்பு தொட்டாலே பத்துதான். ஆக, பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மிமீக்குள் இருந்தால் பத்துக் கிடைக்கும். இப்போது முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 320 மிமீ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்குறி பின்குறியின் பள்ளத்தில் கால் மிமீ தள்ளி நின்றால் இலக்கில் அது கிட்டத்தட்ட 8 மிமீ ஆகிவிடும். பத்தின் ஓரம் வரை போய்விட்டது. ஆனால் இரண்டு குறியும் நேராக இருந்து, கை மொத்தமாக 5 மிமீ ஆடினால் குண்டும் 5 மிமீ மட்டுமே தள்ளிப் போகும்.

கை ஆடுவது அவ்வளவு பெரிய பாதிப்பில்லை. டிரிகரை இழுக்கும் கணத்தில் மணிக்கட்டு மடங்கி முன்குறி சாய்வதுதான் புள்ளியைத் தின்கிறது. புதிதாக வருகிறவர்கள் கை ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து, குறி நடுவில் வரும் அந்த நொடியில் டிரிகரைப் பிடுங்குவார்கள். நான்கு விரலும் சேர்ந்து இறுகும். முனை கீழே இடப்பக்கம் குத்தும்.

என்எஸ் முடித்துவிட்டு நேரே மன்றத்துக்கு வந்த ஒரு தம்பி, பின்குறியை நன்றாக வலப்பக்கம் மேலே ஏற்றி வைத்திருந்தார்.

"அண்ணே, இப்ப பாருங்க, நடுவுல வருது."

"சரி தம்பி, இப்போ பெல்லட் போடாம டிரை ஃபயர்ல வச்சு இழுங்க. முன்குறியை மட்டும் பாருங்க."

இழுத்தார். முன்குறி குதித்துக் கீழே இறங்கியதை அவரே பார்த்துவிட்டார். ராணுவத்தின் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைத் தோளில் அழுத்திப் பிடித்துப் பழகிய கை அது, ஒற்றைக் கையால் நீட்டிப் பிடிக்கும் பிஸ்டலில் அதே இறுக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. பின்குறியைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் பழகச் சொன்னேன்.

சோதனை இதுதான். டிரை ஃபயரில் முன்குறி அசையாமல் நின்று, பெல்லட் போட்டதும் மட்டும் சரிந்தால், அது எதிர்பார்ப்புப் பதற்றம். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது, பாயிண்ட் 22 மேகசினில் அவரே ஒரு டம்மி தோட்டாவைக் கலந்து போடட்டும். டம்மி வரும் முறையில் கை என்ன செய்கிறது என்று பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. டிரை ஃபயரிலும் முன்குறி சரிந்தால் கிரிப்பையோ டிரிகர் நாக்கின் இடத்தையோ பாருங்கள்.

கிரிப் பொருந்தவில்லை

இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் பிஸ்டலை நம்முடையதாக்குவது கிரிப்தான். ஐரோப்பியப் பிஸ்டல்களின் மரக் கிரிப் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவில் வரும். கடையில் வாங்கியதை அப்படியே பிடித்துச் சுடுகிற நல்ல சுடுநர்களை நான் பார்த்ததில்லை. எல்லோருடைய கிரிப்பிலும் அரம் பட்ட தடமோ, மரப்பூச்சு அப்பிய திட்டோ இருக்கும்.

அறிகுறி: ஒவ்வொரு முறை பிஸ்டலை எடுக்கும்போதும் மணிக்கட்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அல்லது இருபது குண்டுக்குப் பிறகு கட்டைவிரல் அடிச்சதை வலிக்கிறது. அல்லது குண்டுகள் பக்கவாட்டில் மட்டும் சிதறுகின்றன.

சோதனை: உள்ளங்கையில் முகப்பவுடர் கொஞ்சம் தடவுங்கள். கிரிப்பைச் சுடும்போது பிடிப்பது போலவே பிடித்து, அப்படியே நேராக விடுங்கள். மரத்தில் பவுடர் வெள்ளையாக ஒட்டிய இடம் கை தொடும் இடம். கறுத்த மரம் அப்படியே தெரிந்தால் அங்கே இடைவெளி. நன்றாகப் பொருந்திய கிரிப்பில் உள்ளங்கையின் பள்ளம், நடுவிரல் அடிப்பக்கம், கைக்குதி மூன்றிலும் சீராக வெள்ளை படியும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கெட்டியாக அப்பியிருந்தால் அந்த மேடுதான் கையைத் திருப்புகிறது. அந்த இடத்தை உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். தேய்த்தது போதும் என்று தோன்றும் முன்பே நிறுத்தி, மறுபடி பவுடர் போட்டுப் பாருங்கள். தேய்த்த மரம் திரும்பி வராது. இடைவெளி இருக்கும் இடத்தில் மரப்பூச்சு வைக்கலாம்.

கண்ணை மூடிக் கையை உயர்த்தி, கண்ணைத் திறக்கும்போது முன்குறி பின்குறியின் நடுவில் தானாக நிற்க வேண்டும். அதுவரை தேய்ப்பும் பூச்சும் தொடரும்.

போட்டிக்குப் போகிறவர்கள் இங்கே விதிகளை நினைவில் வைக்க வேண்டும். கிரிப்பின் எந்தப் பாகமும் மணிக்கட்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. கீழே கை தாங்கும் தட்டு மேல்நோக்கி வளையக் கூடாது, கிரிப்போடு அது சேரும் கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது. பூச்சை அள்ளி அப்பி அழகாக ஒரு கிண்ணம் போலச் செய்துவிட்டால், போட்டிக்கு முன் பிஸ்டலைச் சரிபார்க்கும் சோதனை மேசையில் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இங்குள்ள ஈரப்பதத்தில் உள்ளங்கை வேர்க்கும். கிரிப்பின் மேல் புள்ளி புள்ளியாகக் கொத்திய சொரசொரப்பு நன்றாகப் பிடிக்கும். அதன் குழிகளில் வேர்வையும் அழுக்கும் சேர்ந்து வழவழப்பானால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் காய்ந்தபடியே தேய்த்து எடுங்கள்.

குண்டுகள் மேலும் கீழுமாகக் கோடு போடுகின்றன

உடனே எல்லோரும் ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைச் சீராக்கித் தரும் பாகத்தை, சந்தேகப்படுவார்கள். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. ஏர் பிஸ்டல் பெல்லட் நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போனால், 10 மீட்டரில் 22 மிமீ கீழே இறங்கும். வேகம் பத்து சதவீதம் குறைந்து 135 ஆனால் 27 மிமீ இறங்கும். வித்தியாசம் 5 மிமீதான். மேலும் கீழும் 30 மிமீக்குக் கோடு போட்டிருந்தால் அதைக் காற்றின் தலையில் கட்ட முடியாது. தோளையும் கண்ணையும்தான் பார்க்க வேண்டும்.

பிஸ்டலைத் தூக்கி எட்டு, பத்து நொடிக்குள் சுட முடியாவிட்டால் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் பிடித்தால் கை நடுங்கும், கண் மங்கும், மனம் அவசரப்படும். ஏர் பிஸ்டல் போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது. இறக்கி வைக்க நேரம் தாராளமாக உண்டு.

போட்டியின் கடைசிப் பகுதியில் மட்டும் குண்டுகள் கீழே இறங்கினால் சிலிண்டர் அழுத்தமானியைப் பாருங்கள். முழுக் காற்று 200 பார். கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டால் வேகம் சரியும். மாறாக, கொஞ்ச நேரம் இடைவெளி விட்டுச் சுடும் முதல் குண்டு மட்டும் மேலே போகிறதா? அப்போது ரெகுலேட்டரை நம்பிச் சந்தேகப்படலாம். இடைவெளியில் அழுத்தம் மெல்ல ஏறிவிடுகிறது. வேகமானியில் முதல் குண்டையும் தொடர்ந்து வரும் ஐந்து குண்டையும் அளந்து, எண்களோடு ஆர்மரரிடம் போங்கள். எண்ணோடு போனால் அவர் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

போன வாரம் நிரப்பிய சிலிண்டர் இன்று காலி

நிரப்பியதும் 200 காட்டிய முள் அரை மணி நேரத்தில் 188க்கு வந்தால் பதற வேண்டாம். வேகமாக நிரப்பும்போது காற்று சூடாகும். 45 டிகிரியில் இருந்தது குளிர்சாதன ரேஞ்சின் 25 டிகிரிக்கு ஆறும்போது 12 பார் வரை தானாகக் குறையும். மெதுவாக நிரப்புங்கள், ஆறியபின் எழுதி வையுங்கள்.

உண்மையான கசிவைப் பிடிக்க இரண்டு சோதனை. ஒரு வாரம் சிலிண்டரைப் பிஸ்டலிலிருந்து கழற்றித் தனியாக வைத்து ஒப்படையுங்கள். அடுத்த வாரம் மாட்டியபடி ஒப்படையுங்கள். தனியாக இருக்கும்போதே இறங்கினால் சிலிண்டரின் வால்வு. மாட்டியிருக்கும்போது மட்டும் இறங்கினால் சேரும் இடத்து ஓ-ரிங், அல்லது பிஸ்டலின் உள் வால்வு. ஓ-ரிங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். தட்டையாகிப் பளபளத்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். சிலிகான் கிரீஸ் ஒரு துளி போதும். சாதாரண எண்ணெயை உயர் அழுத்தக் காற்றுப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, தீப்பற்றும் ஆபத்து இருக்கிறது.

நிரப்பும் காற்று ஈரமாக இருந்தால் உள்ளே துரு வரும். இந்த ஊரில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, கம்ப்ரஸரின் உலர்த்தியை யார் எப்போது மாற்றினார்கள் என்று மன்றத்தில் கேட்பதில் தப்பே இல்லை. சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள். தயாரித்ததிலிருந்து 10 ஆண்டுக்கு மேற்பட்டதைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள். அதற்குப் பிறகு பயிற்சிக்கும் வேண்டாம்.

டிரிகர் நேற்று இருந்த மாதிரி இல்லை

ஏர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். பிஸ்டலை நிமிர்த்திப் பிடித்து, எடைக்கல்லை டிரிகர் நாக்கில் மாட்டித் தூக்குவார்கள். கல் மேலே வந்தும் டிரிகர் விடாமல் நின்றால் தேறிவிட்டது.

நேற்று நின்றது இன்று விழுந்தால் முதலில் கல்லை மாட்டிய இடத்தைப் பாருங்கள். நாக்கின் கீழ்முனையில் மாட்டினால் நெம்புகோல் நீளம் கூடும், அதே டிரிகர் லேசாகத் தெரியும். நடுப்பகுதியில் மாட்ட வேண்டும். அப்புறம் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது எண்ணெய். டிரிகர் பொறியில் ஊற்றிய எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகும். எண்ணெய் எவ்வளவு போடலாம் என்று கேட்டால், அங்கே போடவே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

சரியாக 500இல் வைத்துக்கொண்டு போட்டிக்குப் போகிற துணிச்சல் தேவையில்லை. 510, 520 வைத்தால் விரலுக்கு வித்தியாசமே தெரியாது, மேசையில் நெஞ்சு படபடக்காது. ஏர் பிஸ்டலின் மொத்த எடை 1500 கிராமுக்குள் இருக்கிறதா, 420க்கு 200க்கு 50 மிமீ பெட்டிக்குள் பிஸ்டல் உட்காருகிறதா என்றும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

மின்னணு டிரிகரில் முதல் நிலை (சுடுவதற்கு முன் வரும் லேசான இழுப்பு) இருக்கிறது, ஆனால் சுடவில்லை என்றால் பேட்டரி. புது பேட்டரி போட்டும் சரியாகாவிட்டால் தொடுமுனைகளில் வேர்வை உப்புப் படிந்திருக்கலாம், உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். மெக்கானிக்கல் டிரிகரா, மின்னணு டிரிகரா என்று கேட்கிறவர்களுக்கு நான் மெக்கானிக்கலைத்தான் சொல்வேன். போட்டி நடுவில் ஆலன் கீயால் சரிசெய்ய முடிகிற பொருள் மனத்துக்குத் தெம்பு.

எந்தப் பொருளும் எந்த மேடையிலும் கைவிடலாம். தோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், இந்தியாவின் மனு பாக்கர் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி நிமிடக்கணக்கில் நேரத்தை இழந்தார். 575 புள்ளியோடு 12ஆவது இடம், இறுதிச் சுற்று கைநழுவியது. அதே மனு 2024இல் பாரிஸில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். மாற்றுப் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் அதையும் இலக்குக்குப் பொருத்தி, சோதனையில் காட்டி முத்திரை வாங்கி வையுங்கள்.

பாயிண்ட் 22 சிக்கிக்கொள்கிறது

இழுத்தும் வெடிக்காவிட்டால்: முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும், குறைந்தது 30 வினாடி அப்படியே நில்லுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. போட்டியில் என்றால் பாதுகாப்புப் பொத்தானையோ பொறியையோ தொடாமல், பிஸ்டலை இறக்கியபடி கையைத் தூக்கி அதிகாரியைக் கூப்பிடுங்கள். நீங்களே திறந்து பார்த்துவிட்டால் அந்தக் கோளாறு கணக்கில் ஏறாது, புள்ளி போய்விடும்.

வெளியே வந்த தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள். பாயிண்ட் 22இல் வெடிமருந்துத் தூண்டி விளிம்பைச் சுற்றித்தான் இருக்கும். ஆணி பட்ட தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டா சரியில்லை. தடம் லேசாக இருந்தால் ஆணிப் பக்கம் அழுக்கு, அல்லது தோட்டா முழுசாக அறைக்குள் இறங்கவில்லை. இரண்டுக்குமே அறையில் படியும் மெழுகும் கரியும் பெரும்பாலும் காரணம். காலி உறை வெளியே வராமல் மாட்டிக்கொள்வதற்கும் அதே அழுக்குதான். துப்புரவு செய்த பிறகும் தொடர்ந்தால் மேகசினை மாற்றிப் பாருங்கள். ஒரே மேகசினில் மட்டும் சிக்கினால் குற்றவாளி அதுதான். எண் ஒட்டி வைத்திருந்தால் தேட வேண்டியதில்லை.

இந்தப் பிஸ்டல்களின் ஸ்பிரிங் சாதாரண வேகத் தோட்டாவுக்கு அமைத்தது. அதிவேகத் தோட்டாவைப் போட்டு அடிக்காதீர்கள்.

வழக்கமான சத்தத்துக்குப் பதிலாகப் 'புஸ்' என்று பலவீனமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். குண்டு குழாயில் மாட்டியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கலாம். விரைவுச் சுற்றில் தாளம் தப்பினாலும் பரவாயில்லை, நிறுத்துங்கள்.

துருவும் வெள்ளைப் பொடியும்

வேர்வைக் கைரேகை இரும்பில் ஒரே வாரத்தில் பழுப்புத் தடமாகும். ஒப்படைக்கும் முன் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறம் முழுவதையும் துடைத்துவிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு மெத்தை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சிலிக்கா ஜெல் பையைப் போட்டு அடிக்கடி மாற்றுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து வெளி ரேஞ்சுக்குக் கொண்டுவந்ததும் இரும்பு முத்து முத்தாக வேர்க்கும். மூடிய பெட்டியிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து பிறகு திறந்தால் அது வராது.

பெல்லட் டின்னில் சாம்பல் நிறம் மங்கி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஈயம் அரித்துவிட்டது. ஒன்றைக் கையில் எடுத்துப் பாவாடை போன்ற அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே வெள்ளை ஒட்டியிருந்தால் மொத்த டின்னையும் ஒதுக்குங்கள். அந்தப் பொடி நச்சு, ஊதித் தள்ள வேண்டாம். சுட்டு முடித்ததும் சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டுக் கையைக் கழுவிய பிறகே சாப்பிடப் போங்கள். கையால் சாப்பிடும் நமக்கு இது இன்னும் முக்கியம்.

பழைய பிஸ்டல் சேர்ப்பவர்களுக்கு

இங்கே சேகரிப்பு என்றால் கண்ணாடி அலமாரி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் உரிமம், ஒவ்வொன்றுக்கும் கிடங்கில் இடம். அதனால் சேர்ப்பவர்கள் சிலரே, சேர்த்தவற்றை அவர்கள் சுட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஃபைன்வெர்க்பாவ் 65 போன்ற ஸ்பிரிங் பிஸ்டல் திடீரென்று முரட்டுத்தனமாக உதைத்தாலோ குழாய் வழியாகப் பிசுக்கான துகள் வந்தாலோ, உள்ளே வயதான தாங்குபாகங்கள் நொறுங்கிவிட்டன. தொடர்ந்து சுடாமல் ஆர்மரரிடம் கொடுங்கள். பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் பிஸ்டலை விடுவிக்கவும் கூடாது. ஒரே அழுத்தில் காற்றேற்றும் வகையில் வேகம் குறைந்தால் காற்றை அடைத்து வைக்கும் வளையம் காய்ந்திருக்கும். ஏற்றிய காற்றோடு நெடுநேரம் வைத்தால் அந்த வளையம் சீக்கிரம் போகும்.

கரியமில வாயுவில் ஓடும் பழைய பிஸ்டல்களுக்கு நம் வெப்பம்தான் எதிரி. அந்த வாயுவின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார். காலையில் குளிர்சாதன ரேஞ்சில் பொருத்திய பின்குறி, மத்தியானம் மின்விசிறி மட்டும் ஓடும் இடத்தில் செல்லாது. இவற்றைக் குளிர்சாதன ரேஞ்சில் மட்டும் சுடுங்கள், வெயில் படும் காரில் சிலிண்டரை விடவே விடாதீர்கள்.

எடுத்துச் செல்வதில் வரும் சிக்கல்கள்

இடுப்பில் வைத்து நடப்பது இந்த ஊரில் நடக்காத காரியம். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. தோட்டாவும் இதில் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும்போது இங்கிருந்து வெளியேற்ற அனுமதி, போகும் நாட்டில் நுழைவு அனுமதி, விமான நிறுவனத்தின் ஒப்புதல் மூன்றும் கையில் இருக்க வேண்டும். உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குப் போவதானாலும் இரண்டு பக்க அனுமதியும் வேண்டும். காகித வேலையை மன்றத்தின் மூலம் வெகு முன்னதாகவே தொடங்குங்கள். சிலிண்டரைக் காலி செய்து கழற்றி, காலி என்று கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். தோட்டா தனிப் பெட்டியில், ஒருவருக்கு 5 கிலோவுக்குள். ஈய பெல்லட் டின் ஊடுகதிர்த் திரையில் கறுப்புக் கட்டியாகத் தெரியும், திறந்து காட்டச் சொல்வார்கள்.

என்எஸ்ஸில் சுட்டு முடித்ததும் 'என்னிடம் உயிர்த்தோட்டாவோ காலி உறையோ இல்லை' என்று வரிசையில் நின்று சொல்வோமே, அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் ரேஞ்சுக்குப் போட்டுப்போன கால்சட்டை, பயிற்சிப் பை, காலணிக்குள் எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள். பாயிண்ட் 22 உறை சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் அகலம், பையின் தையலோரத்தில் ஒளிந்துகொள்ளும். ரேஞ்சுக்கென்று ஒரு பை, பயணத்துக்கென்று வேறு பை வைத்துக்கொண்டால் இந்தத் தேடலே வேண்டியதில்லை.